விசேட கல்வித் திட்டக் கூட்டத்தைக் குடும்பத்தோடு நடத்துவது எப்படி: திருகோணமலை ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ரீச்சர், போன கிழமை நான் எதுக்குக் கையெழுத்து வச்சனான்?"

விசேட கல்வி அலகில், அதாவது சாதாரண பாடசாலைக்குள் விசேட தேவையுள்ள பிள்ளைகள் படிக்கும் வகுப்பில், நான் வேலை தொடங்கிய முதல் வருடம், பாடசாலைப் படலையடியில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. அதற்கு முந்தைய கிழமைதான் அவருடைய மகனின் தனியாள் கல்வித் திட்டத்தை (அவனுக்கென்றே எழுதிய கற்றல் திட்டத்தை) மேசையில் விரித்து, பதினொரு இலக்குகளையும் வரிசையாக வாசித்து, "விளங்கிச்சுதா அம்மா?" என்று கேட்டிருந்தேன். தலையாட்டினார். கையெழுத்து வைத்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கோவையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளையின் வீட்டிலோ எதுவுமே மாறவில்லை.

அந்தத் தாய் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அன்றிலிருந்து நான் கூட்டம் நடத்தும் முறையை மாற்றத் தொடங்கினேன். அலகில் தனியாக நிற்கும் விசேட கல்வி ஆசிரியர்களுக்கும், சாதாரண வகுப்பில் விசேட தேவையுள்ள ஒரு பிள்ளையை வைத்திருக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் உதவும் என்று நம்பி, மாற்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கலாம். கூட்டத்தில் நீங்கள் எதைக் கேட்கலாம் என்பது அதில் தெரியவரும்.

முதலில், இந்தக் கூட்டம் எதற்கு?

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதவேண்டும், அதை எழுதும் குழுவில் பெற்றோரும் இருக்கவேண்டும் என்ற நடைமுறை 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த சட்டத்தோடு பரவியது. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது. கட்டாயக் கல்வி வயது 5இலிருந்து 16 வரை என்று நீட்டப்பட்டதும் அதே 2016இல்தான். "இந்தப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு இவை போதும்.

ஆனால் ஒரு தாயை எப்படி உட்காரவைத்துப் பேசுவது என்று எந்தச் சட்டமும் சொல்லித்தராது. அது நம் கையில் இருக்கிறது. என் அனுபவத்தில் கூட்டம் வெல்வதும் தோற்பதும் அந்த நாளுக்கு முந்தைய இரண்டு கிழமைகளில்தான். ஆகவே அந்த இரண்டு கிழமைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. கூட்டத்துக்கு இரண்டு கிழமை முன்: வீட்டுக்குப் போங்கள், "நேற்று" என்று கேளுங்கள்

முடிந்தால் வீட்டுக்கே போங்கள். முடியாவிட்டால் ஒரு நீண்ட தொலைபேசி அழைப்பாவது எடுங்கள். திட்டம், இலக்கு, மதிப்பீடு என்ற சொற்கள் எதுவும் அந்தப் பேச்சில் வரத்தேவையில்லை. ஒரேயொரு கேள்வி போதும்: "நேற்று விடியக் கண் முழிச்சதில இருந்து இரவு படுக்கிற வரைக்கும் பிள்ளை என்ன செய்தது?"

இதில் "நேற்று" என்ற சொல்தான் முக்கியம். "பிள்ளை வீட்டில் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால், "எல்லாம் நான்தான் செய்யவேணும்" என்று பொதுவான பதில்தான் வரும். நேற்றைய நாளைக் கேட்டால் சம்பவங்கள் வரும். பல் தீட்டும்போது நுரையை விழுங்கியது, பாண் விளிம்பை ஒதுக்கியது, பின்னேரம் இடி இடித்தபோது கட்டிலுக்கு அடியில் போய் இருந்தது. திட்டத்துக்கு வேண்டியதெல்லாம் இவற்றுக்குள்தான் இருக்கிறது.

குச்சவெளிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மம்மாவிடம் இப்படிக் கேட்டேன். பேரனுக்கு ஒன்பது வயது, பேச்சு மிகக் குறைவு. என் கொப்பியில் அவனைப் பற்றி "1 முதல் 5 வரை எண்ணத் தெரியாது" என்று எழுதியிருந்தேன். நான் எழுதியது பொய்யில்லை. என் மேசைக்கு முன்னால், பிளாஸ்ரிக் வில்லைகளோடு, அவன் ஒரு நாளும் எண்ணியதில்லை. அம்மம்மா நேற்றைய நாளைச் சொல்லிக்கொண்டு வந்தார். இடையில், "பின்னேரம் தாத்தா வலை கட்டேக்க இவன்தான் மிதப்புக் கட்டை எடுத்துக் குடுப்பான். பன்னிரண்டு பன்னிரண்டாக் குடுப்பான், பிழைக்க மாட்டான்" என்றார். திண்ணையில் ஒரு உரப்பை நிறைய மிதப்புகள் கிடந்தன. தாத்தா கையை நீட்டினார். பையன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். பன்னிரண்டாவதோடு கையை மடியில் வைத்துவிட்டு, முடிச்சுப் போடும்வரை காத்திருந்தான். பிறகு மறுபடியும் தொடங்கினான்.

வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால், பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு "ஐந்து வரை எண்ணுவான்" என்று நான் இலக்கு எழுதியிருப்பேன். அம்மம்மாவும் கையெழுத்து வைத்திருப்பார்.

நேற்றைய நாளைக் கேட்டு முடித்த பிறகு இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். பிள்ளைக்கு எதில் சந்தோசம்? உங்களுக்கு ஒரு நாளில் எந்த நேரம் ஆகக் கடினம்? அடுத்த வருடம் இதே நாளில் பிள்ளை எதைத் தானாகச் செய்தால் உங்கள் மனம் ஆறும்? கடைசிக் கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்லமாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள். கூட்டத்துக்கு வரும்போது யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று விட்டுவிடுங்கள்.

2. யாரைக் கூப்பிடுவது?

"பெற்றோர்" என்று கடிதத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார், மருந்து கொடுப்பது யார், பக்கத்தில் படுப்பது யார் என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் வீடுகள் பல. அங்கே பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா, உம்மும்மா, சித்தி, சில நேரம் பதினாறு வயது அக்கா. அவர்கள்தான் கூட்டத்துக்கு வரவேண்டியவர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தாயை விட்டுவிடாதீர்கள். வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் பதினைந்து நிமிடமாவது சேர்த்துக்கொள்ளலாம். குவைத், சவூதி, கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. நமக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே ஏழரை, வீட்டுவேலைக்குப் போனவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வேளை. எப்போது பேசமுடியும் என்று அவரையே முதலில் கேளுங்கள். வேலை செய்யும் வீட்டில் போன் எடுக்க முடியாது என்றால், அவர் முன்கூட்டியே ஒரு குரற்பதிவு அனுப்பட்டும். அதைக் கூட்டத்தின் தொடக்கத்தில் போட்டுக் கேளுங்கள். ஒரு தாயின் குரற்பதிவை அப்படிக் கேட்டபோது அறையில் இருந்த எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிள்ளை மட்டும் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

பாடசாலைத் தரப்பில் ஆட்களைக் குறையுங்கள். ஒரு தாய்க்கு முன்னால் ஆறு ஆசிரியர்கள் இருந்தால் அது விசாரணையாகிவிடும். விசேட கல்வி ஆசிரியர், பிள்ளை இணைந்து படிக்கும் சாதாரண வகுப்பின் ஆசிரியர், முடிவெடுக்கக்கூடிய ஒருவர், அதாவது அதிபர் அல்லது பிரதி அதிபர். இவ்வளவு போதும். பேச்சுச் சிகிச்சையாளர், இயன்மருத்துவர் போன்றோர் நேரில் வருவது நம் பக்கத்தில் அரிது. அவர்களிடம் முன்கூட்டியே இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்து, கிளினிக் நாளில் குடும்பத்திடம் பதில் எழுதி அனுப்பச் சொல்லலாம். புல்மோட்டையில் இருக்கும் ஒரு குடும்பம் 50 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வந்து திருகோணமலை வைத்தியசாலைக் கிளினிக்கில் வரிசையில் நிற்கிறது. அந்தப் பயணத்திலேயே நம் கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் நல்லது.

பிள்ளையும் கூட்டத்தில் ஒரு பகுதிக்கு இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து நிமிடம் என்றாலும் சரி. தான் செய்த ஒன்றைக் காட்டட்டும், பிடித்த படத்தைத் தெரிவு செய்யட்டும். பிறகு வெளியே விளையாடப் போகலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டியவர் முழுக்கூட்டத்திலும் இருக்கட்டும்.

3. நாளும் நேரமும்

இதில் நாம் காட்டும் கவனத்தைக் குடும்பங்கள் உடனே கண்டுகொள்கின்றன. இரவு கடலுக்குப் போகும் தகப்பன் விடியக் கரைக்கு வந்து, மீன் கொடுத்து, படுக்கும்போது ஒன்பது மணியாகும். எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர் வரமாட்டார். பிறகு "அப்பாவுக்கு அக்கறையில்லை" என்று நாம் எழுதுவோம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், தகப்பன்மார் வீட்டில் இருப்பார்கள். நவம்பர் கூட்டத்தை அவர்களுக்காகவே வையுங்கள். தம்பலகாமத்திலும் மூதூரிலும் அறுவடைக் கிழமைகளைத் தவிருங்கள். கிண்ணியா, மூதூர் குடும்பங்களுக்கு வெள்ளி நடுப்பகல் ஜும்ஆ நேரம். நோன்பு மாதத்தில் காலை நேரமே நல்லது.

அழைப்பு ஒரு கடிதமாகப் போகட்டும், கூடவே ஒரு குரற்பதிவும் போகட்டும். எல்லோரும் வாசிப்பார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. அதில் என்ன பேசப்போகிறோம், எவ்வளவு நேரம், யார் யார் இருப்பார்கள் என்ற மூன்றும் வரவேண்டும். "பாடசாலைக்கு வரவும்" என்று மட்டும் எழுதிய துண்டு வீட்டுக்குப் போனால், பிள்ளை ஏதோ பிழை செய்துவிட்டது என்று பயந்து, அன்றிரவு யாரும் தூங்கமாட்டார்கள். கூட்டம் உதவிப்பணத்தைப் பற்றியது அல்ல என்பதையும் முன்பே மென்மையாகச் சொல்லிவிடுங்கள். அது பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பேசவேண்டிய விடயம். குடும்பத்துக்கு அந்த வழி தெரியாவிட்டால், கூட்ட முடிவில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

4. கையில் என்ன கொண்டுபோகவேண்டும்?

அபிப்பிராயத்தைக் குறைத்து, பார்த்ததைக் கூட்டுங்கள். பிள்ளை கடந்த மாதம் வரைந்தது ஒன்று, இந்த மாதம் வரைந்தது ஒன்று. வரவுப் பதிவு. குடும்பம் சம்மதித்தால் ஒரு நிமிட வீடியோ.

பிள்ளை கடிக்கிறது, கத்துகிறது, ஓடுகிறது என்ற முறைப்பாடு இருந்தால் இரண்டு கிழமைக்கு ஒரு சின்னக் கொப்பி போடுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று குறிப்பு: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம். ஓட்டிசம் உள்ள ஒரு சிறுமி தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள். "காரணமே இல்லாமல் கடிக்கிறாள்" என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஒன்பது நாள் எழுதியபோது, ஏழு தடவை அது இடைவேளை மணியை ஒட்டியே நடந்திருந்தது தெரிந்தது. மணி எங்கள் யன்னலுக்கு நேரே தொங்கியது. மணி அடிக்க ஒரு நிமிடம் முன் அவளைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போகத் தொடங்கினோம். தாயிடம் அந்தக் கொப்பியைக் காட்டியபோது, வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போதும் அதுவே நடக்கிறது என்று அவர் சொன்னார். அதுவரை இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வைத்திய அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டத்துக்கு முன்பே தமிழில் விளங்கிக்கொண்டு, கடினமான சொற்களுக்கு எளிய விளக்கம் எழுதிவையுங்கள். குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால், சைகைமொழி உட்பட, அதற்கு ஒரு பெரியவரை ஒழுங்கு செய்யுங்கள். தம்பியைப் பற்றிய கசப்பான செய்தியைப் பத்து வயது அக்காவின் வாயால் தாய்க்குச் சொல்லவைக்கக்கூடாது.

5. அறை

அதிபர் அறை வேண்டாம். மற்றப் பெற்றோர் எட்டிப் பார்க்கும் மண்டபமும் வேண்டாம். பிள்ளையின் வகுப்பறைதான் நல்லது. மேசைக்கு அந்தப் பக்கம் நாங்கள், இந்தப் பக்கம் அவர்கள் என்று போடாமல் கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். எல்லாக் கதிரையும் ஒரே உயரமாக இருக்கட்டும். சிறுபிள்ளைக் கதிரையில் ஒரு தகப்பனை உட்காரவைப்பது அவரைக் குறுக்கிவிடும். குடிக்கத் தண்ணீர், முடிந்தால் பிளேன்ரீ. கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஒரு பாய் விரித்துவையுங்கள்.

6. கூட்டம்: முக்கால் மணித்தியாலம்

முதல் ஐந்து நிமிடம் வரவேற்பும், யார் யார் என்ன வேலை என்ற அறிமுகமும். முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பத்து நிமிடம் குடும்பம் பேசும். நாங்கள் பேசமாட்டோம். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆசிரியர் முதலில் பேசிவிட்டால் குடும்பம் அதற்குத் தலையாட்டுவதோடு நின்றுவிடும். நம் சனம் ஆசிரியரை மதிப்பவர்கள், எதிர்த்துச் சொல்லமாட்டார்கள். "அன்றைக்கு வீட்டை வந்தபோது வலை கட்டுற கதை சொன்னீங்கள், இவையளுக்கும் ஒருக்கால் சொல்லுங்கோ" என்று தொடங்கிக்கொடுங்கள். தாங்கள் அறிந்த ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லும்போது குரல் தானாக எழும்பும்.

அதன்பின் ஆசிரியரின் பங்கு. இப்போது பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்துக்குள் சொல்லுங்கள். "முடியாது", "தெரியாது" என்று சொல்வதற்குப் பதிலாக எவ்வளவு உதவியோடு முடிகிறது என்று சொல்லுங்கள். "சேட் போடத் தெரியாது" என்பதைவிட, "கையை நுழைப்பான், பொத்தானுக்கு மட்டும் ஆள் வேணும்" என்பது உண்மைக்கும் கிட்ட, அடுத்த வேலைக்கும் கிட்ட. நல்ல செய்தியையும் சம்பவமாகவே சொல்லுங்கள். "கெட்டிக்காரன்" என்று சொன்னால் அது காற்றோடு போய்விடும். "செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பிள்ளை அழ, இவன் தன்ர லேஞ்சியை எடுத்துக் குடுத்தான்" என்று சொல்லுங்கள். அதைத் தகப்பன் வீட்டுக்குப் போயும் சொல்வார்.

மிச்சம் இருபது நிமிடம் இலக்குகளுக்கு. திட்டம் அதுவரை வெறும் தாளாகவோ, பென்சிலால் எழுதிய குறிப்பாகவோ இருக்கவேண்டும். தட்டச்சுச் செய்து முடித்த திட்டத்தைக் கண்டால், மாற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

7. இலக்கு எழுதுவது

ஒரு தவணைக்கு மூன்று. அதில் ஒன்றைக் குடும்பம் தெரிவு செய்யவேண்டும். பதினொன்று எழுதி நான் பட்ட பாட்டை முதலிலேயே சொன்னேன்.

"மாணவனின் தொடர்பாடல் திறன் மேம்படும்." இப்படி எழுதினால் தவணை முடிவில் மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "தண்ணீர், மலசலகூடம், வலி ஆகிய மூன்றையும் பட அட்டையைக் காட்டிக் கேட்பான். யாரும் நினைவூட்டாமல், 5 தடவையில் 4 தடவை. இரண்டாம் தவணை முடிவதற்குள். வகுப்பில் ரீச்சரும் வீட்டில் அம்மம்மாவும் சரி அடையாளம் போடுவார்கள்." என்ன செய்வான், எந்த நிலைமையில், எத்தனை தடவை, எப்போதைக்குள், யார் பார்ப்பது என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. அம்மம்மாவுக்கும் விளங்குகிறது. ஒரு இலக்கை எழுதியபின் அதைச் சத்தமாக வாசித்து, "இது நடந்துவிட்டது என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று குடும்பத்திடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் இலக்கைத் திருத்தவேண்டும்.

வயதுக்கு ஏற்ற இலக்காகவும் இருக்கவேண்டும். பதினைந்து வயது இளைஞனுக்கு இன்னமும் அ, ஆ எழுத்தட்டையோடு மல்லுக்கட்டுவதைக் காண எனக்கு மனம் நோகும். திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்று கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் என்ற நான்கு பலகைகளையும் பிரித்தறிந்து, தன்னுடைய பஸ்ஸில் ஏறுவதை இலக்காக வைத்துப் பாருங்கள். அதே எழுத்துகளைத்தான் அவன் படிக்கப்போகிறான், ஆனால் ஒரு காரணத்தோடு.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், ஏற்கெனவே நடக்கிற காரியத்துக்குள்ளேயே அடங்கட்டும். பொத்தான் பூட்டப் பழக்குவதென்றால் கடைசிப் படியில் தொடங்குங்கள். மற்றப் பொத்தான்களைத் தாய் பூட்டி, கடைசிப் பொத்தானைப் பாதி துளைக்குள் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் பிள்ளை இழுக்கட்டும். முடித்தது தான் என்ற சந்தோசம் பிள்ளைக்குக் கிடைக்கும். அது பழகியபின் கடைசி இரண்டு. இதைக் காலையில் செய்யச் சொல்லாதீர்கள். பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் தாயும் பிள்ளையும் அழுவதுதான் மிஞ்சும். பின்னேரம் முகம் கழுவி உடுப்பு மாற்றும் நேரம் நல்லது.

8. கடினமான நேரங்கள்

*ஒருவர் மற்றவரைக் குற்றம் சொல்லும்போது.* "வயித்தில இருக்கேக்க கிரகணத்தில வெளிய போனவள், அதான் இப்பிடி" என்று மாமியார் சொல்ல, மருமகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. இதைக் கேட்டும் கேளாதது போல் கடந்துபோகாதீர்கள். "அம்மா, இது ஒருத்தரும் செய்த பிழையில்லை. டவுன் சிண்ட்ரோம் எண்டால் 21ஆம் நிறமூர்த்தம் ரெண்டுக்குப் பதிலா மூண்டு இருக்கிறது. கரு உண்டாகேக்கயே வாறது" என்று மரியாதையோடு, தெளிவாக, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். மருமகளிடம் தனியாகச் சொன்னால் போதாது. குற்றம் சபையில் விழுந்தது, சபையிலேயே எடுக்கப்படவேண்டும்.

*கோவில் நேர்த்தி, ஓதிப் பார்த்தல்.* பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவரிடமோ, தண்ணீர் ஓதி வாங்கியவரிடமோ வாதாடவேண்டாம். அது அவர்களின் பலம். வலிப்பு மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தவேண்டாம் என்ற ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

*காது மெஷின் அலுமாரிக்குள்.* "ஏன் போடவில்லை?" என்ற கேள்வியே குற்றச்சாட்டாகக் கேட்கும். "மெஷின் போடுறதில என்ன கஷ்டம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். வியர்வை, பட்டறிச் செலவு, காதுக்குள் வைக்கும் அச்சு சிறிதாகிப் போனது, உறவினர் பார்வை என்று உண்மையான காரணம் வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி. காரணம் தெரியாமல் அறிவுரை சொல்லிப் பயனில்லை.

*தகப்பனின் கோபம்.* "விளையாட்டுக் காட்டாமல் எழுதப் பழக்குங்கோ" என்று ஒரு தகப்பன் எழுந்து நின்றார். எழுத்துத்தான் எல்லாம் இல்லை என்று விளக்கப்போனால் கூட்டம் அங்கேயே உடைந்திருக்கும். "எழுதப் பழகினால் தம்பி எதைச் செய்யவேணும் எண்டு நினைக்கிறீங்கள், அண்ணன்?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். "நான் இல்லாத காலத்தில வங்கியில கைநாட்டு வைக்காமல் கையெழுத்து வைக்கவேணும்." அன்றைய முதலாவது இலக்கு அதுதான்: தன் பெயரை எழுதுவான். அவர் உட்கார்ந்தார், இலக்கைத் தானே தன் கையால் எழுதினார்.

*சாதாரண வகுப்பில் போடச் சொல்லும்போது.* உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டாம். எந்தப் பாடம், எந்த நேரம், பக்கத்தில் யார், ஆறு கிழமைக்குப் பிறகு எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று எழுதி ஒரு முயற்சியாகத் தொடங்கலாம். சங்கீதம், சித்திரம், உடற்கல்வி நேரங்கள் பலருக்கு நல்ல தொடக்கமாக இருந்திருக்கின்றன. வகுப்பாசிரியர் அந்த இடத்திலேயே இருப்பதால் அவருடைய பயத்தையும் அங்கேயே கேட்டுத் தீர்க்கலாம்.

*அழுகை.* பேச்சை நிறுத்துங்கள். தாளை மூடுங்கள். தண்ணீரை நீட்டிவிட்டு அமைதியாக இருங்கள். "அழாதீங்கோ" என்று சொல்லத்தேவையில்லை. தொடரலாமா, இன்னொரு நாள் வைப்போமா என்று அவரே முடிவு செய்யட்டும்.

9. எழுத்தும் கையெழுத்தும்

முடிவுகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். யார், என்ன, எப்போதைக்குள். எழுதியதை முழுவதும் சத்தமாக வாசியுங்கள். மூதூரில் இருந்து வந்த ஒரு உம்மா என்னிடம், "மிஸ், நீங்க என்னத்த எழுதினாலும் எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் மூடணும்" என்றார். அன்றிலிருந்து வாசிக்காமல் நான் கோவையை மூடுவதில்லை.

வாசித்தபின், "விளங்கிச்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "வீட்டை போனவுடன் இவற்ற அப்பா கேட்டால் என்னெண்டு சொல்லுவீங்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எது விடுபடுகிறதோ, அதை நாம் சரியாகச் சொல்லவில்லை.

கையெழுத்து அன்றைக்கே வேண்டும் என்றில்லை. வீட்டில் காட்டிப் பேசிவிட்டு மூன்று நாளில் கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள். பிள்ளையின் அறிக்கையைப் படமெடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போடுவது, ஆசிரியர் அறையில் பேசுவது இரண்டும் கூடவே கூடாது.

10. கூட்டத்துக்குப் பிறகு

இரண்டு கிழமைக்குள் ஒரு அழைப்பு. "பொத்தான் எப்படிப் போகுது?" என்ற ஒரு கேள்வி போதும். நாங்கள் மறக்கவில்லை என்பது தெரிந்தால் அவர்களும் மறக்கமாட்டார்கள். பிள்ளையின் பையில் ஒரு சின்னக் கொப்பி போய்வரட்டும். நாளுக்கு ஒரு வரி. எழுத முடியாத வீட்டுக்குச் சிரித்த முகம், சாதாரண முகம் வரைந்த கட்டங்கள். ஒவ்வொரு தவணை முடிவிலும் அரை மணித்தியாலம் உட்கார்ந்து மூன்று இலக்கையும் பாருங்கள். ஒன்று நடக்கவில்லை என்றால் பிள்ளை தோற்றுவிட்டது என்று எழுதாமல், படி பெரிதாகிவிட்டதா, இடம் பொருந்தவில்லையா என்று தேடி இலக்கைச் சின்னதாக்குங்கள்.

பதினான்கு வயதிலேயே, பாடசாலை முடிந்தபின் என்ன என்ற பேச்சைத் தொடங்கிவிடவேண்டும். தாத்தாவின் வலை, சித்தப்பாவின் கடை, தையல், தோட்டம், தொழிற்பயிற்சி என்று எதுவாகவும் இருக்கலாம். பிந்தித் தொடங்கினால் ஒரு நாள் வகுப்பு முடிந்து, மறுநாள் வீட்டு மூலையில் உட்காரும் நிலை வரும். அப்படி உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை. திட்டத்தின் பிரதி ஒன்றைக் குடும்பத்திடம் கொடுத்து, கிளினிக் கார்ட் வைத்திருக்கும் அதே பிளாஸ்ரிக் உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இடமாற்றம் வரும், அலகின் கோவைகள் அலுமாரி மாறும். அந்த உறை மட்டும் எந்த மழையிலும் தொலையாது. நான் இடமாறிய வருடம், மிதப்புக் கட்டை எடுத்துக் கொடுத்த பையனின் அம்மம்மா ஜனவரியில் புது ரீச்சரிடம் போய், அந்த உறையை அவிழ்த்து, தாளை விரித்து வைத்தாராம். "இவனுக்குப் பன்னிரண்டு வரைக்கும் தெரியும். அங்கால இருந்து தொடங்குங்கோ."